மன்னாரிலிருந்து மாத்தளை வரை: ஒரு பாதையின் வரலாறு

எமது பாடசாலைகளில் சுற்றாடற் கல்வி ஒரு பாடமாகவும் வரலாறு வேறொரு பாடமாகவும் கற்பிக்கப்படுகின்றன. மாணவரைக் காட்டுவழியே அழைத்துச் செல்லும் ஆசிரியர் மரத்தின் பெயரைக் கூறுகின்றார். பறவையின் பெயரைக் கூறுகின்றார். அவர்கள் நடந்து செல்லும் பாதையை வகுத்தவர் யார் என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. மலையையும் ஆற்றையும் போலப் பாதையும் என்றும் அங்கே கிடந்த ஒன்றெனவே கொள்ளப்படுகின்றது.

அண்மை ஆண்டுகளில் கால்நடையாகச் சென்று இயற்கையைக் கண்டு மகிழும் வழக்கம் எமது நாட்டில் பெருகி வருகின்றது. கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தானையிற் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ’ நடைவழி இதற்குச் சிறந்த சான்றாகும். இருபத்திரண்டு பகுதிகளாக வகுக்கப்பட்ட இவ்வழி 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றது. பிறநாட்டுப் பயணிகளும் எம்மவரும் தேயிலைச் சரிவுகளினூடாக, அருவிகளையும் புல்வெளிகளையும் கண்டுகொண்டு நடக்கின்றனர். இதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும், இந்நடைவழிக்கென வெட்டப்பட்ட புதுப்பாதை மிகச் சொற்பமே. அதன் பெரும்பகுதி முன்னரே இருந்த தோட்டப் பாதைகளால் ஆனது. அப்பாதைகளை வெட்டியவர்கள் மலைக்கு வந்து சேர்ந்த வழியும் ஒரு பாதையே. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நீண்டு கிடந்த அவ்வழியின் வரலாற்றையும், அதன் இருமருங்கிலும் இருந்த இயற்கையையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டில் முதன்முதற் பாதை வகுத்தவை யானைகள் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்காடுகளை அளக்கச் சென்றவர்கள் யானைத் தடங்களையே வழியாகக் கொண்டனர். செங்குத்தான சரிவுகளைத் தவிர்த்து, கணவாய்களை நாடி, ஆறு கடக்கத்தக்க இடத்திற் சென்று சேரும் அத்தடங்கள் பொறியியலாளரையும் வியக்கவைத்தன. அக்காட்டிடையே கண்டி அரசு தனது வழிகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகளும், அவற்றை மறித்து நின்ற ‘கடவத்தை’ எனும் முட்கதவுகளும் அவ்வரசின் அரண்களாக அமைந்தன. பீரங்கி இழுத்துவரும் படைக்குப் பாதை வேண்டும். ஆதலால் பாதை இன்மையே பாதுகாப்பாயிற்று.

கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1679ஆம் ஆண்டில் தப்பியோடிய வழி இங்கு நினைவுகூரத்தக்கது. அனுராதபுரத்தை அடைந்த அவர், தமிழர் அருவியாறு என்றும் சிங்களவர் மல்வத்து ஓயா என்றும் வழங்கும் ஆற்றின் கரையைப் பற்றிக்கொண்டு, அடர்ந்த காட்டினூடாக நடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையைச் சென்றடைந்தார். அவர் விடுதலையை நாடி மேற்கே நடந்த அந்நிலப்பகுதியூடாகவே, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், பசியிலிருந்து விடுதலை தேடிய தமிழ்நாட்டு உழவர் கிழக்கும் தெற்கும் நோக்கி நடக்கத் தொடங்கினர்.

அவர்களை அவ்வாறு நடக்கச் செய்த காரணிகள் யாவை? கண்டி அரசு 1815இல் பிரித்தானியர் கைப்பட்டது. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைக்கப்பட்டது. இராசகாரியம் எனும் பழைய ஊழிய முறையைக் குடியேற்ற அரசு தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டே அத்தெருவை அமைத்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. தெருவமைப்புக்கான பயனியர் படைக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் சேர்க்கப்பட்டனர். கோப்பிச் செய்கை மலைச்சரிவுகளில் வேகமாகப் பரவிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்டமுடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமை எனக் கருத வழிசெய்தது. அவ்வாறு பெற்ற நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அற்ப விலைக்கும் விற்கப்பட்டது. வாங்கியோரிற் பலர் வெள்ளைத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தருமே.

சிங்களக் கமக்காரன் விறகெடுக்கவும், தேன் எடுக்கவும், மாடு மேய்க்கவும், சேனை வெட்டவும் சென்று வந்த பாதைகள் இதனால் அவனுக்கு அடைபட்டன. தன் காட்டையே இழந்த அவன், அக்காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டத்திற் கூலிக்கு நிலையாக நிற்க விரும்பாதது இயல்பே. அவ்வேளையில் கடலுக்கு அப்பால், மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளில் நிலமற்ற உழவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கடனாலும் பஞ்சத்தாலும் நலிந்து கிடந்தனர். இந்த இரு நிலைமைகளையும் இணைத்த பாதையே நாம் கூறும் வடபாதை.

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் தலைமன்னாரிலும் மன்னாரிலும் அரிப்பிலும் கரையிறங்கினர். முதலில் அவர்கள் கண்டது பனையும் உப்புவெளியும். அரபு வணிகர் கொணர்ந்ததாகக் கூறப்படும் பெருக்கமரங்கள் இன்றும் மன்னாரில் நிற்கின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் வட நாடுகளிலிருந்து வரும் பூநாரைகளும் வாத்தினங்களும் வங்காலைப் பகுதியின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் இரை தேடுகின்றன. இவ்விடம் 2010ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து முருங்கனை நோக்கிச் செல்கையில் கட்டுக்கரைக்குளத்தின் நீண்ட அணைக்கட்டு தென்படும். குளத்தைத் தாண்டினால் வறண்ட வலயத்துக் காடு தொடங்குகின்றது. பாலையும் வீரையும், முதிரையும் கருங்காலியும் அக்காட்டின் பெருமரங்கள். ஆற்றங்கரைகளில் மருதும் புளியும் நிழல் தருகின்றன.

ஆனால், எப்பருவத்தில் நடக்கின்றோம் என்பதே அக்காட்டின் தன்மையைத் தீர்மானிக்கும். மார்கழியிலும் தையிலும் குளங்கள் நிறைந்து, மரங்கள் தளிர்த்து, மயில்களும் மான்களும் வழியோரம் காணப்படும். ஆனி ஆடியிற் பாலைப்பழம் உதிரும். அதனை உண்பதற்குக் கரடிகள் மரத்தடி தேடி வரும். அதன்பின் சோழகக் காற்று நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிட, சிறுகுளங்கள் வெடித்த சேறாகிவிடும். கோப்பி பழுக்கும் பருவத்தைக் குறிவைத்து வந்த தொழிலாளரில் மிகப் பலர் நடந்தது இந்த வறண்ட மாதங்களிலேயாம். ஊரில் விதைப்பை முடித்துப் புறப்பட்டு, கோப்பிப் பழம் பறித்துக் கொடுத்து, நெல்லறுவடைக்கு ஊர் திரும்புவது அவர்கள் வழக்கம். தோட்டத்தின் கால அட்டவணையும் வயலின் கால அட்டவணையும் சேர்ந்து, காட்டின் மிகக் கொடிய பருவத்தை அவர்களுக்கு வழிநடைப் பருவமாக்கின.

வழியில் எஞ்சியிருந்த நீர் கலங்கிய நீர். அதனைப் பருகியோரை வாந்திபேதி வாட்டிற்று. வற்றிய ஆற்றின் தேங்கிய குட்டைகள் மலேரியா நுளம்பின் பிறப்பிடங்களாயின. யானைக்கும் கரடிக்கும் அஞ்சி அவர்கள் கூட்டமாகவே நடந்தனர். நோயுற்றவனைத் தூக்கிச் செல்ல வலுவற்ற கூட்டம் அவனை மரத்தடியில் விட்டுச் செல்ல நேர்ந்தது. 1840களில் மாத்திரம் எழுபதினாயிரம் பேர் வழியிலும் தோட்டங்களிலும் மாண்டதாக அக்காலப் பத்திரிகை ஒன்று கணித்தது. இத்தொகைபற்றி வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் வடபாதை ஒரு மரணப்பாதையாக இருந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. பிற்காலத்தில் அரசு வழியோரம் கொட்டில்களையும் கிணறுகளையும் அமைத்தது. மடிந்தோர் தொகை தோட்ட முதலுக்கே நட்டமாக முடியும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணமாகும்.

மதவாச்சியையும் மிகிந்தலையையும் கடந்து தம்புள்ளையை அடைந்ததும் நிலம் மேடாகத் தொடங்கும். நாலந்தாவைத் தாண்டிச் செல்லச் செல்லக் காற்றில் ஈரம் கூடும். முள்மரங்கள் குறைந்து, பலாவும் கமுகும் கித்துளும் வழியை மூடும். நடந்து வந்தோருக்கு மாத்தளை ஒரு சந்தி. அங்கு இளைப்பாறிப் பல தோட்டங்களுக்கும் பிரிந்து சென்றனர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தொடக்கத்தை மக்கள் மரபு இந்த இளைப்பாறலோடு இணைக்கின்றது. கொள்ளை நோயிலிருந்து காப்பவள் என உழைக்கும் மக்கள் நம்பிய தெய்வம் அவ்விடத்திற் கோயில் கொண்டது தற்செயலன்று.

இதே வழியில் இன்னுமொரு வரலாறும் நிகழ்ந்தது. 1848இல் தேசாதிபதி தொரிங்டனின் அரசு பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் எனச் சட்டமியற்றியது. அத்தெருக்களாற் பெரும்பயன் பெறுவோர் கோப்பித் தோட்ட முதலாளிகள் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். அவ்வாண்டு யூலை மாதம் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆகஸ்ட் மாதம் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். காணி பறிபோன சிங்களக் கமக்காரன் வரிக்கெதிராக எழுந்து நின்ற அதே தெருவில், காணியே இல்லாத தமிழ்த் தொழிலாளி மூட்டையுடன் நடந்து சென்றான். ஒருவன் இழந்த நிலத்தில் மற்றவன் கூலியாக்கப்பட்டான். இருவரும் ஒருவரையொருவர் அந்நியராகக் கண்டனர். இருவரையும் ஆட்டிவைத்த சக்தி ஒன்றே என்பது அவ்வழியின் வரலாற்றை முழுமையாகக் காணும்போதே புலனாகும்.

மாத்தளைக்கு அப்பால், மலையில் நிகழ்ந்தது இயற்கையின் வரலாற்றிலேயே ஒரு பெருந் திருப்பமாகும். சரிவின் கீழ்ப்புறத்து மரங்களை அரைகுறையாக வெட்டிவைத்து, மேற்புறத்துப் பெருமரங்களை அவற்றின்மேல் வீழ்த்தி, காய்ந்தபின் தீயிட்டனர். இவ்வாறு பரப்பப்பட்ட கோப்பிச் செய்கை 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. ஒரே பயிர் இடையீடின்றிப் பரந்து கிடந்தமையால், 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் காட்டுத்தீப் போற் பரவிச் சில ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை அவ்விடத்தை நிரப்பியது. நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. கோப்பி பருவத்துக்கு மாத்திரம் ஆளைக் கேட்டது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளைக் கேட்டது. பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகையாக வந்து, குடும்பங்கள் லயங்களில் நிலைபெற்றமைக்கு இதுவே அடிப்படை.

இன்று நடைபயணிகள் செல்லும் பாதைகள் அக்காலத்தில் உருவானவை. மலையின் வளைவைத் தழுவி மெல்ல ஏறும் வண்டிப்பாதை, மழைநீரை வடிக்கும் கான், கானின் ஓரத்தே கற்கட்டு, நிரைகளினூடே கொழுந்துச் சாலைக்குச் செல்லும் குறுக்குவழி ஆகிய யாவும் மண்வெட்டியாலும் அலவாங்காலும் ஆக்கப்பட்டவை. அவற்றின் ஓரத்தில் நிற்கும் சபுக்கும் முள்முருக்கும் நிழலுக்காக நடப்பட்டவை. யூக்கலிப்ரசு விறகுக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்டது. அழகிய பூங்கொத்துகளுடன் வேலியெங்கும் படர்ந்துள்ள உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. அது 1826இல் பேராதனைப் பூங்கா வழியே இந்நாட்டுக்கு வந்தது. சில ஓடையோரங்களிற் தானே முளைத்து நிற்கும் கோப்பிச்செடி ஒரு மறைந்த பொருளாதாரத்தின் எச்சமாகும். ஆகவே, தேயிலை மலையில் நாம் ‘இயற்கை’ எனக் கண்டு மகிழ்வதிற் பெரும்பாகம் மனித உழைப்பின் விளைவேயாம். பழைய காட்டைக் காண விரும்புவோர் ஹோட்டன் சமவெளிக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் செல்லவேண்டும். அங்கேதான் பாசி போர்த்த குறுமரங்களும், செந்நிறப் பூக்கொண்ட ‘மகா ரத்மல்’ மரமும், பல்லாண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நெலு எனும் குறிஞ்சியினமும் எஞ்சியுள்ளன. முதற் பாதை வகுத்த யானைகளோ மலையுச்சிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டையாடுவோரின் துப்பாக்கியால் ஒழிக்கப்பட்டுவிட்டன.

ஜேம்ஸ் டெயிலர் 1892இல் இறந்தபோது தொழிலாளர்கள் அவரது உடலைத் தோள்மாற்றிச் சுமந்து லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை நடந்தனர். அவருடைய கல்லறை கண்டி மகியாவையில் உள்ளது. புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான ஜூலியா மார்கிரட் கமரூனின் கல்லறையைப் பொகவந்தலாவைத் தேவாலயத்திற் காணலாம். இக்கல்லறைகள் பேணப்படுவது நன்றே. ஆனால், டெயிலரைச் சுமந்த தோள்களுக்குரியோர் எங்கே புதைக்கப்பட்டனர் என்பதைக் காட்டும் கல் எதுவும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை கைவிடப்பட்டுத் தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி முதன்மை பெற்றது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் நடந்துசென்ற காலம் முடிவுற்றது. ஆனால், அவ்வழியின் கதை முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமுறை தலைமுறையாக மலையிற் பிறந்தவர்கள், முன்னோர் நடந்துவந்த நிலத்தினூடாகவே புகையிரதத்திற் சென்று, தலைமன்னாரிற் கப்பலேறினர். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டப்படியான முடிவு காண 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாதை நடத்தலும் இயற்கை காண்டலும் ஓய்வுடையோரின் பொழுதுபோக்கு. உழைக்கும் மக்களின் பிரச்சினைகளைப் பேசவேண்டிய நாம் இவற்றில் ஏன் ஈடுபடவேண்டும் எனச் சில நண்பர்கள் கேட்கக்கூடும். துரைமாரின் தாய்நாட்டிலேயே இதற்கு விடையுண்டு. இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் நகருக்கு அண்மையிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் செல்வரின் பறவை வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்பிரல் 24ஆம் நாள், இளந் தொழிலாளர் பல நூற்றுவர் பெனி றொத்மன் தலைமையில் அத்தடையை மீறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசிய வனங்களையும் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமையையும் பற்றிய சட்டம் அந்நாட்டில் நிறைவேறியமைக்கு அப்போராட்டமும் ஒரு தூண்டுதலாயிற்று. தொழிற்சாலைப் புகையில் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் தூய காற்றைத் தன் உரிமையெனக் கேட்டான். இயற்கையை அனுபவித்தலும் ஒரு வர்க்கப் பிரச்சினை என்பதை அவர்கள் நடந்து காட்டினர்.

எமது நாட்டில் அவ்வுரிமை இன்னொரு வடிவம் பெறுகின்றது. பாதையை அமைத்த மக்களுக்கு நடக்கத் தடையில்லை, நிற்கத்தான் நிலமில்லை. பெருந்தொகையான குடும்பங்கள் தம் பெயரில் உறுதியற்ற லயங்களில் இன்றும் வாழ்கின்றன. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. காடிழந்த சரிவில், தாம் தேர்ந்தெடுக்காத இடத்தில், உரிமையற்ற கூரையின் கீழ் வாழ்ந்த மக்கள் அதிற் புதையுண்டனர். மலையின் நிலவமைப்பையும் மழையின் போக்கையும் அறியாது இவ்வழிவை விளக்கமுடியாது. காணியுரிமையின் வரலாற்றை அறியாதும் விளக்கமுடியாது.

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றமையை முன்னிட்டு, யூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் கால்நடையாகச் சென்றனர். காணியையும் வீட்டையும் நியாயமான கூலியையும் சமத்துவமான குடியுரிமையையும் கேட்டு அவர்கள் நடந்தார்கள். பழைய பாதை இவ்வாறு மீண்டும் பேசத் தொடங்கியுள்ளது.

அதைக் கேட்கும் பணி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது. வடபாதையில் எஞ்சியுள்ள பழைய கிணறுகளையும் தங்குமிடங்களையும் அடையாளங் காணவேண்டும். வழியோர மரங்களின் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் தொகுத்தல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததுபோல, முதியோர் நினைவிலுள்ள வழிநடைக் கதைகளை எழுதிவைத்தல் வேண்டும். மாத்தளையிற் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒன்றாக நடந்து, 1848இன் கிளர்ச்சியையும் வடபாதையின் துயரையும் ஒரே பாடமாகப் படித்தல் வேண்டும். பெக்கோ நடைவழியிலே தேயிலையை அறிமுகஞ் செய்த துரையின் பெயருடன், பாதையை வெட்டிய மக்களின் வரலாறும் மும்மொழியிலும் பொறிக்கப்படவேண்டும். அவ்வழியால் வரும் வருவாயில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். பாதையின் இருமருங்கிலும் அவர்கள் வாழும் மண் அவர்களுக்கே உரியதாதல் வேண்டும்.